வாரின் முனையும் ஊரின் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் அவசியமானவையே. ஆனால் சாலை போட்டபின் அந்தச் சாலை வழியே சந்தைக்குச் செல்ல நம் ஊரில் என்ன பொருள் உற்பத்தியாகிறது என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு விடையாக அமையக்கூடிய ஒரு சிறு கைத்தொழிலைப் பற்றியும், அத்தொழிலில் உபயோகமாகும் ஒரு சிறு கருவியைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம். அந்தத் தொழில் தோல் வார் செய்யும் தொழில். அந்தக் கருவி, வாரின் முனையை ஒரே சீராக மெலிவிக்கும் தோல் பிளக்கும் கருவி.

உழவர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் தோல் தொழிலாளி இல்லாமல் கமலைக் கிணற்றுப் பாசனம் நடந்ததில்லை. கமலை கட்டிக் கிணற்று நீர் இறைத்த நாட்களில் சாலின் அடியில் தும்பிக்கைபோல் தொங்கிய தோல் வால் கிழிந்துபோனால் இறைப்பு நின்றது; இறைப்பு நின்றால் பயிர் வாடியது. மின்சார பம்பு செட்டுகள் வந்து கமலை மறைந்தது. அதனால் உழவருக்கு உழைப்புக் குறைந்தது. ஆனால் தோல் தொழிலாளிக்கு வேலையே குறைந்தது. நம் பயிரைக் காத்த கைகள் வேலையின்றி இருக்கின்றன என்றால், அதைப் பற்றி எண்ணிப் பார்க்கும் கடமை முதலில் உழவர்களுக்குத்தான் உண்டு.

மூலப்பொருளுக்கு நாம் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடும் முறையில் பழைய சென்னை மாகாணம் கடல் கடந்து பெயர் பெற்றிருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் ஆகிய ஊர்கள் தோலுக்குப் பெயர் போனவை. தோலைப் பற்றி ஆராய்வதற்கென்றே சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆகவே தோலும் இங்கே உண்டு. அறிவும் இங்கே உண்டு. குறைவாயிருப்பது, அவ்விரண்டையும் கிராமத்துத் தொழிலாளியின் கைக்கு எட்டச் செய்யும் ஏற்பாடுதான்.

வார் எங்கே அறுகிறது?

இடுப்பு பெல்ட், புத்தகப்பை வார், காளையின் கழுத்துச் சலங்கைப் பட்டை, நாய்க் கழுத்துப்பட்டை எதுவாயினும் சரி, பழையதாகிப் போனவற்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் அறுந்தவை மிகச் சில. பக்கிள் மாட்டிய முனையில், தோல் மடியும் இடத்தில் வெடித்தோ தையல் பிரிந்தோ போனவையே அதிகம். நாற்பத்திரண்டு அங்குல நீளமுள்ள பெல்ட்டின் ஆயுளைக் கடைசி மூன்று அங்குலமே நிர்ணயிக்கிறது. தேருக்கு அச்சாணி எப்படியோ, வாருக்கு அதன் மடிப்பு முனை அப்படி.

காரணம் எளிது. நல்ல பெல்ட் தோல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கனம் உடையது. அதை அப்படியே பக்கிளின் கம்பியைச் சுற்றி மடித்தால் அவ்விடம் 8 மில்லிமீட்டர் ஆகிறது. மேலும், கனமான பொருளை மடிக்கும்போது உட்புறம் நெருங்குகிறது, வெளிப்புறம் இழுபடுகிறது. கனம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு வெளிப்புற இழுவையும் கூடும். வாரில் வெளிப்புறமாக அமைவது மயிர் இருந்த வழுவழுப்பான மேற்பக்கம். அதில்தான் முதலில் வெடிப்புக் காண்கிறது. பிறகு வியர்வையும் நீரும் அந்த வெடிப்பில் இறங்குகின்றன. தோல் இற்றுப் போகிறது.

காளையின் கழுத்துப் பட்டையில் மற்றொரு தீங்கும் உண்டு. உள்பக்கம் மடித்துத் தைத்த முனை படிக்கட்டுபோல் தடித்து நின்றால், அது கழுத்தில் உராய்ந்துகொண்டே இருக்கும். வண்டி இழுக்கும் மாட்டுக்கு அவ்விடத்தில் மயிர் உதிர்ந்து புண் உண்டாகிறது. சலங்கை ஓசை நமக்கு இனிக்கிறது. மாட்டுக்கு அது வேதனையாக முடியலாகாது.

இதற்குப் பரிகாரம், மடிந்து உள்ளே செல்லும் பகுதியின் கனத்தைச் சதைப்பக்கத்திலிருந்து குறைப்பதேயாகும். அந்தப் பகுதியை 2 மில்லிமீட்டராக மெலிவித்தால் பக்கிளைச் சுற்றித் தோல் படிந்து மடியும். முனை நிரவலாக அமையும். ஊசியும் எளிதில் இறங்கும். கனம் பாதியாகிவிட்டால் வலு குறையாதா என்று கேட்கலாம். பக்கிளைச் சுற்றிய மடிப்பில் இழுவையை ஒரு மடி மட்டும் தாங்குவதில்லை, முன் மடியும் பின் மடியும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகையால் பாதிக் கனம் போதுமானது.

கைச் சீவலும் கருவியும்

நம் தொழிலாளர் இந்த இரகசியத்தை அறியாதவரல்லர். உளியால் முனையைச் சீவி மெலிவிக்கும் வித்தை தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் இருக்கிறது. தேர்ந்த கையால் சீவிய முனைக்கு நிகர் இல்லை. ஆனால் அந்தத் தேர்ச்சி வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞன் சீவும்போது ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமும் விழுகின்றன. உளி சற்று ஆழ இறங்கினால் முனை ஓட்டையாகிவிடுகிறது. முனை கெட்டால் மூன்று அங்குலம் மட்டுமா நஷ்டம்? பெல்ட்டுக்கு நீளம் பற்றாமல் முழு வாருமே வேறு சிறு பொருளுக்குப் போகிறது. தவிர, ஐம்பது பெல்ட் கேட்கும் வியாபாரி ஐம்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறார். ஒரே சீரான கனத்தைக் கையால் ஐம்பது முறை கொண்டுவருவது வல்லவருக்கும் சிரமமே.

இங்கேதான் கருவி உதவுகிறது. தோல் பதனிடும் ஆலைகளில் முழுத் தோலையே இரண்டாகப் பிளக்கும் பெரிய யந்திரங்கள் உண்டு. நாம் சொல்வது அதுவன்று. மேசைமேல் வைத்து இயக்கக்கூடிய சிறு கருவி இது, மின்சாரம் வேண்டியதில்லை. உறுதியான இரும்புச் சட்டம் ஒன்று. அதில் அசையாமல் பொருத்திய நீண்ட கத்தி ஒன்று. கத்திக்கு எதிரே சுழலும் உருளை ஒன்று. உருளைக்கும் கத்திக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைப்பிடியும் திருகுகளும். அவ்வளவே அதன் உறுப்புகள். அந்த இடைவெளி எவ்வளவோ, அவ்வளவே வாரில் எஞ்சும் கனம். கையால் இழுக்கும் வகையும், சுழற்றுப் பிடியால் உள்ளே செலுத்தும் வகையும் உண்டு. வாரின் முனைக்கு இழுக்கும் வகையே வசதியானது. எந்த இடத்தில் தொடங்க வேண்டுமோ அந்த இடத்தில் கத்தியைப் பதியவைக்க முடியும்.

செய்யும் முறை

முதலாவதாக, கருவியைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கருவி ஆடினால் தோலில் அலை அலையாக வெட்டு விழும்.

இரண்டாவதாக, தோலைத் தெரிந்தெடுக்க வேண்டும். வாருக்கு ஏற்றது முதுகுப் பகுதித் தோல். வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் நீளும். பட்டையால் பதனிட்ட இறுகிய தோல் இக்கருவியில் சுத்தமாகப் பிளக்கும். குரோமியம் உப்பால் பதனிட்ட மெல்லிய துவளும் தோல் கத்திமுன் நழுவிச் சுருங்கும். அதற்குக் கைச் சீவலே நல்லது. பட்டைத் தோல் மிகவும் விறைப்பாக இருந்தால் சதைப்பக்கத்தில் ஈரத் துணியால் ஒற்றிச் சிறிது நேரம் வைக்கலாம். ஆனால் அழுத்தினால் நீர் கசியுமளவுக்கு நனைக்கலாகாது. நனைந்த தோல் கத்தியில் இழுபட்டு நீண்டுவிடும்.

மூன்றாவதாக, குறியிடுதல். ஒன்றரை அங்குல அகலமுள்ள சாதாரணப் பெல்ட்டுக்கு முனையிலிருந்து இரண்டரை அங்குலத்தில் மடிப்புக் கோடும், மூன்று அங்குலத்தில் மெலிவு தொடங்கும் கோடும் போட்டுக்கொள்ளலாம். பக்கிளின் நாக்குக்கான துவாரத்தை இப்போது வெட்டக் கூடாது. மெலிவித்தபிறகே வெட்ட வேண்டும். முன்னரே துவாரமிட்டால் கத்தி அதன் விளிம்பில் சிக்கித் தோலைக் கிழித்துவிடும்.

நான்காவதாக, அளவு பார்த்தல். அதே தோலின் கழிவுத் துண்டு ஒன்றைக் கருவியில் இழுத்து, அதன் இரு ஓரங்களையும் அளக்க வேண்டும். ஓர் ஓரம் தடித்தும் மற்றோர் ஓரம் மெலிந்தும் இருந்தால் கத்தியும் உருளையும் இணையாக இல்லை என்று பொருள். திருகுகளைச் சரிசெய்து மீண்டும் ஒரு துண்டை இழுத்துப் பார்க்க வேண்டும். கழிவுத் துண்டில் கண்ட பிழைக்குச் செலவில்லை; வாரில் கண்ட பிழைக்கு வாரே செலவு.

ஐந்தாவதாக, வழுவழுப்பான மேற்பக்கம் உருளையைப் பார்க்கவும், சதைப்பக்கம் கத்தியைப் பார்க்கவும் வாரை நுழைக்க வேண்டும். இது மாறிப்போனால் நல்ல பக்கம் சீவப்பட்டு, வார் பாழாகும். மெலிவு தொடங்கும் கோடு கத்தியின் விளிம்புக்கு நேராக வரும்வரை முனையை அப்பால் தள்ளி, கைப்பிடியை அழுத்தி, வாரைப் பிடித்து நிதானமாகத் தம் பக்கம் இழுக்க வேண்டும். இழுக்கத் தொடங்கும்போது கைப்பிடியைச் சிறிது சிறிதாக இறுக்கினால் வெட்டு சரிவாக ஆழமாகும். திடீரென்று ஆழ்ந்தால் அவ்விடத்தில் ஒரு படி உண்டாகும். பின்னாளில் வார் அந்தப் படியிலேயே ஒடியும். ஆகவே சரிவு மிக முக்கியம்.

ஆறாவதாக, வேண்டிய கனம் முழுவதையும் ஒரே இழுப்பில் குறைக்க முயலாமல் இரண்டு அல்லது மூன்று இழுப்புகளில் குறைப்பது நலம். வார் அகலமாக ஆக, இழுக்கும் பலமும் அதிகம் வேண்டும். அகன்ற கழுத்துப் பட்டைகளுக்கு இந்த நிதானம் இன்றியமையாதது. ஒரே அளவு வார்களை ஒன்றாகச் சேர்த்து, முதல் இழுப்பை எல்லாவற்றுக்கும் முடித்து, பிறகு அளவை மாற்றி இரண்டாம் இழுப்புக்குச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இறுதியாக, முனையின் கடைசி அரை அங்குலத்தை உளியால் கையாலேயே சீவி, காகிதம்போல் முடித்துவிட வேண்டும். அப்போதுதான் மடித்துத் தைக்கும்போது விளிம்பு வாரோடு வாராக அடங்கும். கருவி வந்தாலும் உளிக்கு ஓய்வில்லை என்பதைக் கவனியுங்கள். முரட்டு வேலையைக் கருவி செய்கிறது; நுட்பமான முடிவைத் தொழிலாளியின் கையே செய்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. மெல்லியதே அழகு என்று எண்ணி மடிப்பை மேலும் மேலும் மெலிவிக்கலாகாது. தோலின் வழுவழுப்பான மேலடுக்கு பார்வைக்கு அழகு தருவது. வலுவைத் தருவதோ அதன் கீழே நார்கள் பின்னிக் கிடக்கும் அடுக்கு. சதைப்பக்கத்திலிருந்து சீவச் சீவ அந்த நார் அடுக்கே கழிகிறது. மேலடுக்கு மட்டும் எஞ்சிய வார், கையில் வாங்கும்போது மினுங்கும். சில மாதங்களில் கிழியும். மடிப்பு விழும் இடத்தில் பாதிக் கனத்துக்குக் கீழே போகலாகாது என்பதை ஒரு விதியாகவே கொள்ள வேண்டும்.

கத்தியும் காவலும்

இக்கருவியின் உயிர் அதன் கத்தி. மழுங்கிய கத்தி தோலைப் பிளக்காது. மடிக்கும், அல்லது கிழிக்கும். நாவிதர் சவரக் கத்தியைத் தோல் பட்டையில் தீட்டுவதுபோல், வேலை தொடங்கும் முன்பும் இடையிடையேயும் தீட்ட வேண்டும். விளிம்பில் பல் விழுந்தால் நுண்ணிய தீட்டுக்கல்லில், பழைய சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும். வேகமான சாணைச் சக்கரத்தில் பிடித்தால் சூட்டில் கத்தியின் பதம் போய்விடும். வேலை முடிந்தபின் ஈரம் துடைத்து எண்ணெய் தடவி மூடி வைக்க வேண்டும்.

கூரிய கத்தி என்பதால் காவலும் வேண்டும். கத்தியின் விளிம்பு உள்ள பக்கத்தில் யாரும் கை வைக்கலாகாது. சிக்கிய துண்டை எடுக்குமுன் கைப்பிடியைத் தளர்த்திவிட வேண்டும். வார் சட்டென்று விடுபட்டால் இழுப்பவர் பின்னால் சாயக்கூடும். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் ஊன்றி நிற்பது நல்லது. வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளை விளையாட விடலாகாது.

யார் வாங்குவது? எங்கே வைப்பது?

இனி, பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய உங்கள் பொறுப்புக்கு வருகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பத்து வார் செய்கிறார் என்றும், முனை கெட்டு ஒன்று வீணாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்தில் இருபத்தைந்து நாள் வேலை என்றால் இருபத்தைந்து வார் நஷ்டம். அந்தத் தோலின் விலை அவருடைய சொந்த முதலிலிருந்து போகிறது. இரண்டரை நாள் உழைப்புக்குச் சமமான வார்கள் ஒவ்வொரு மாதமும் வீணாகின்றன என்று சொல்லலாம். கருவி அந்த நஷ்டத்தைப் பாதியாகக் குறைத்தாலும் அது சிறு லாபமன்று. ஆயினும் தனியொருவர் நாள் முழுதும் உபயோகித்தாலும் கருவிக்குப் போதிய வேலை இராது. முனையை மெலிவிப்பது வார் வேலையில் ஒரு பகுதியே. ஆகையால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு கருவியை வைத்துக்கொள்வதே சிக்கனம். அவர்கள் ஒரு குழுவாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ அமைந்தால், மாவட்டத் தொழில் மையத்தையும், 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தையும் அணுகி, தங்களுக்குப் பொருந்தும் கடனையும் மானியத்தையும் விசாரிக்கலாம். விண்ணப்பம் எழுதவும் சான்றுகள் பெறவும் பஞ்சாயத்து துணை நிற்க வேண்டும்.

கருவியைப் பொதுவில் வைப்பதென்றால் மூன்று ஏற்பாடுகள் வேண்டும். யார் எந்த நேரத்தில் உபயோகித்தார் என்பதற்கு ஒரு நோட்டு. கத்தியைத் தீட்டும் பொறுப்புக்கு ஒருவர். தேய்ந்த கத்தியை மாற்ற ஒவ்வொருவரும் செலுத்தும் ஒரு சிறு தொகை. இம்மூன்றும் இல்லாத பொதுக் கருவி, எல்லாருக்கும் சொந்தம் என்ற பெயரில் யாருக்கும் உதவாமல் துருப்பிடிக்கும்.

கருவியை எங்கே வைப்பது என்பதே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தோல் வேலை செய்வோரை ஊருக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். தீண்டாமையை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. அதை மீறுவோரைத் தண்டிக்க 1955இல் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் அது வலுப்படுத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. சட்டம் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஊர் தன் கடமையைச் செய்ததா என்பதற்கு இந்தக் கருவியே ஓர் அளவுகோலாகலாம்.

தொழிற்கூடம் அமைக்க இடம் தேடும்போது, கடைசித் தெருவுக்கும் அப்பால், சாலையும் விளக்கும் எட்டாத புறம்போக்கைக் காட்டுவது எளிது. அதற்கு எதிர்ப்பும் வராது. ஆனால் அங்கே வியாபாரி வரமாட்டார். மழைக்காலத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும். படித்த இளைஞன் அந்தத் தொழிலை ஏறிட்டும் பார்க்கமாட்டான். இந்த வேலையில் பச்சைத் தோல் இல்லை. பதனிட்ட தோலை வாங்கி வெட்டித் தைப்பதே வேலை. நாற்றமுமில்லை, கழிவுநீருமில்லை. தையற்காரர் கடையில் துணி எப்படியோ, இங்கே தோல் அப்படி. தையற்கடை கடைத்தெருவில் இருக்கலாமென்றால் வார்க் கடை மட்டும் ஏன் இருக்கலாகாது? பஞ்சாயத்துக் கட்டடத்தின் பக்கத்திலோ கடைத்தெருவிலோ, காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு கூடம் கொடுங்கள். குடிநீரும் கழிப்பிடமும் மற்றவர்க்கு உள்ளதே அவர்களுக்கும் இருக்கட்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இத்தொழில் ஒரு சாதியாருக்கே உரியது என்ற எண்ணத்தை இந்தத் திட்டம் வளர்க்கலாகாது. தோல் தொழிலாளியின் பிள்ளை ஆசிரியராகவோ பொறியாளராகவோ ஆக விரும்பினால் அதற்கு உதவுவதும் நம் கடமை. அதேபோல், எந்த வீட்டுப் பிள்ளையாயினும் விரும்பி வந்தால் இந்தக் கூடத்தில் கற்றுக்கொள்ளட்டும். கற்றுத்தரும் முதியவர் ‘ஆசிரியர்’ என்றே அழைக்கப்படட்டும். தொழிலுக்கு மதிப்பு வருவது அந்த நாளில்தான்.

உழவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாட்டுப் பொங்கலுக்குக் காளையின் கழுத்துப் பட்டையை நகரக் கடையில் வாங்குமுன், உள்ளூரில் செய்ததை எடுத்துப் பாருங்கள். பக்கிள் முனையை மடித்துத் திறந்து பாருங்கள். உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். படி தட்டாமல் விரல் வழுக்கிச் சென்றால் அது மாட்டின் கழுத்துக்கு ஏற்றது. தட்டினால் செய்தவரிடமே சொல்லுங்கள். அவர் திருத்திக் கொடுப்பார். நல்லதைக் கண்டால் பேரம் பேசிக் கூலியைக் குறைக்காதீர்கள். ரெக்சின் பட்டை விலை மலிவாக இருக்கலாம்; ஆண்டுதோறும் வாங்குகிறபோது அதன் உண்மை விலை தெரியும்.

ஆகவே, இந்தக் கூட்டத்திலிருந்து திரும்பியதும் ஒவ்வொரு பஞ்சாயத்தும் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலில், ஊரில் தோல் வேலை அறிந்தவர் எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எங்கே விற்கிறார்கள் என்று அவர்களிடமே சென்று கேட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். இரண்டாவதாக, கருவி வேண்டுமா, வேண்டுமானால் எந்த வகை என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். உபயோகிக்கப் போகிறவரைக் கேளாமல் வாங்கிய கருவி கிடங்கில்தான் கிடக்கும். மூன்றாவதாக, கூடத்துக்கான இடத்தை அடுத்த கிராம சபையில், அவர்களும் அமர்ந்திருக்க, வெளிப்படையாகத் தீர்மானியுங்கள்.

கருவி சிறியது; அதை வாங்குவதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கூடத்தை ஊரின் நடுவில் வைக்கும் மனம் வேண்டும். அந்த மனத்தை உறுப்பினர்களாகிய நீங்கள் காட்டினால், கடனும் பயிற்சியும் பெற்றுத் தரும் பணியை வட்டார வளர்ச்சி அலுவலகம் ஏற்றுக்கொள்ளும்.